‘மொழி தெரியாதவை’ என்று எழுதிய பெட்டி

1

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் என் சிநேகிதன் போன் எடுக்கும்போதெல்லாம் கேட்பான்: "நீ இப்பவும் உந்த லைப்ரரியிலைதானோ?" ஓம் என்பேன். "என்ன புத்தகம் கிடக்கு அங்கை?" படங்களைப் பற்றின புத்தகங்கள் என்பேன். "சினிமாப் படமோ?" இல்லையடா, கீறின படம், ஓவியம். "அதைப் பாக்க ஆர் வருவினம்?" என்பான். இவ்வளவு காலமும் நானும் சிரித்து மழுப்பிக்கொண்டுதான் இருந்தேன். இந்த வருஷம் சொல்லுவதற்கு ஒரு கதை கிடைத்திருக்கிறது.

நான் வேலை செய்வது ரொறொன்ரோவின் நடுவில், பெரிய ஓவியக் கூடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிற கலை நூலகத்தில். இந்த வசந்தத்தில், அது தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன ஆண்டு நிறைவு விழா. எங்கள் தலைமை நூலகர் ஹெலன், "இந்த முறை மற்றவர்களுடைய கதை வேண்டாம். எங்கள் நூலகத்தின் கதையையே ஒரு சின்னக் கண்காட்சியாக வைப்போம்" என்றார். பழைய சாமான்களைத் தேடி எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

தேடத் தேடத்தான் எனக்கே பல விஷயங்கள் தெரிந்தன. இந்த நூலகம் தொடங்கியது ஒரு கண்ணாடி அலுமாரியில். கோதுமை வியாபாரி ஒருவர் இறந்தபோது, அவருடைய மனைவி அவர் சேர்த்து வைத்திருந்த இத்தாலிய ஓவியப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கூட்ட அறையின் மூலையில் நின்ற அந்த அலுமாரியின் சாவி செயலாளரின் மேசையில் இருந்ததாம். கேட்டு வாங்க ஒருவருக்கும் துணிவு வராதாம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஐரோப்பாவில் இருந்து புத்தகம் வருவது நின்றுபோனது. கடைசியாக வந்த கப்பலில் ஏல விற்பனைப் பட்டியல்கள் கடல் தண்ணீர் பட்டு வந்தன. அவற்றின் தாள்கள் இன்றைக்கும் அலை அலையாகத்தான் இருக்கின்றன. இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கலாமா என்று யாரோ ஒரு காலத்தில் முயன்றதற்கு ஒரு பழுப்புத் தழும்பும் உண்டு.

பிறகு வந்த நூலகர் ஒருவர், நாட்டில் படம் கீறுகிற எல்லாருக்கும் கடிதம் போட்டார். உங்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள், செய்தித்தாளில் வந்தவற்றை வெட்டி அனுப்புங்கள் என்று. அப்படித்தான் ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு உறை பிறந்தது. வடக்கே பனிக்கட்டிக்குள் இருந்து, மேற்கே வயல்வெளிகளில் இருந்து எல்லாம் பதில் வந்திருக்கிறது. புல்வெளி மாகாணத்து ஓவியர் ஒருவர் தன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், தான் நிறம் அரைக்கிற மண்ணைச் சின்னச் சின்னப் போத்தல்களில் போட்டு அனுப்பியிருக்கிறார். அந்தப் போத்தல்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. இப்போது உறைகள் சுவர் முழுக்க நிற்கின்றன. கனடாவில் ஓர் ஓவியரைப் பற்றி எழுத நினைக்கிற யாரும் கடைசியில் அந்தச் சுவருக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும்.

2

நான் இங்கே நூலக வேலைக்கு வந்தவன் அல்ல. மேல் மாடியில் காவல்காரனாக நின்றவன். ஓவியங்களுக்குப் பக்கத்தில் நீலக் கோட்டுப் போட்டு நின்று, "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று சொல்லுகிற வேலை. இந்த நாட்டுக்கு வந்து நான் பிழையில்லாமல் பேசப் பழகிய முதல் ஆங்கில வசனம் அதுதான்.

என் பெயர் லோகநாதன். அப்பாவின் பெயர் ஆறுமுகம். குடிவரவுக் கந்தோரில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். அந்தப் பெயரே சட்டையில் குத்துகிற அட்டைக்கும் வந்தது. எல்லாரும் என்னை "ஆரு" என்று கூப்பிட்டார்கள். "ஆரு, நீ ஏன் பிந்தி வந்தாய்?" என்று மேலாளர் கேட்கும்போது, வாழ்நாளில் ஒருநாளும் பிந்திப் போகாத என் அப்பா ஏச்சு வாங்குகிறாரே என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

ஹெலன்தான் ஒருநாள் மதிய இடைவேளையில், நான் நின்ற அறையின் ஓவியத்தைப் பற்றி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தார். "நாள் முழுக்க இதற்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். இதைக் கீறியவரைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லையா?" என்றார். அதற்குப் பிறகு இன்னொரு புத்தகம். பிறகு, கல்லூரியில் நூலக வேலை பழகப் பின்னேர வகுப்பு ஒன்று இருக்கிறது, சேருங்கள் என்றார். சேருவதற்கான பரிந்துரைக் கடிதத்தை எழுத முன்னர், "உங்கள் உண்மையான பெயர் என்ன?" என்று கேட்டார். லோகநாதன் என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நாக்குச் சிக்கியது. ஆனாலும் விடவில்லை. அன்றைக்கு ரயிலில் வீட்டுக்குப் போகும்போது, இந்த நாட்டில் என்னை என் பெயரால் ஒருவர் கூப்பிட்டுவிட்டார் என்று மனைவிக்குச் சொல்ல வேண்டுமென்று நினைத்துக்கொண்டே போனேன்.

அந்தப் படிப்பு முடிந்துதான் கீழ்த்தள நூலகத்துக்கு வந்தேன். இப்போது வீடு ரொறொன்ரோவுக்கு வெளியே, அஜக்ஸில். காலையில் அதே ‘கோ’ புறநகர் ரயில், அதே முகங்கள். மகள் படித்து முடித்துக் கல்கரிக்குப் போய்விட்டாள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, "saapitteengala appa" என்று அனுப்புவாள். நான் தமிழில் பதில் எழுதினால், "அப்பா, இட் டேக்ஸ் மீ ஃபோரெவர் டு ரீட்" என்று குரல்பதிவு வரும். எழுத்துக் கூட்டி வாசிக்கிறாளே, அதுவே போதும் என்று இருக்கிறேன்.

3

பனி நன்றாகக் கொட்டிய ஒரு வாரத்தில் நிலானி வந்தாள். மார்க்கம் நகரில் தாயோடு இருந்து, ஒரு கணினிக் கொம்பனியில் வேலை செய்கிற பிள்ளை. இங்கேயே பிறந்தவள். வாசிப்பு அறையில் இருந்த என் பெயரட்டையைக் கண்டதும் இறுகியிருந்த அவளுடைய தோள் தளர்ந்தது.

"அங்கிள், நீங்கள் தமிழோ? தேங்க் காட். நான் என்ரை அம்மாவைப் பற்றித் தேடி வந்தனான். ஷி வோஸ் எ பெயின்டர்."

அம்மாவின் பெயர் பத்மாவதி. நிலானி கைக்குழந்தையாக இருந்தபோது செயின்ட் ஜேம்ஸ் டவுண் அடுக்குமாடியில் இருந்திருக்கிறார்கள். அம்மா பகலில் ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. மிச்ச நேரத்தில் குசினி மேசையில் வைத்துப் படம் கீறுவாராம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஒரேயொரு கண்காட்சி வைத்திருக்கிறார். அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு கட்டிடத்தின் நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. சாமான் வைக்கிற கூடு முழுக்கத் தண்ணீர். இவர்கள் கீழே போய்ப் பார்த்தபோது எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைக்குள் போட்டாயிற்று. கடதாசியிலும் மட்டையிலும் கீறின படங்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"அதுக்குப் பிறகு அம்மா கீறவே இல்லை, அங்கிள். நான் ஒரு படமும் பாத்ததில்லை. கேட்டால், ‘அது முடிஞ்சுது, விடு’ எண்டுவா. இப்ப அவவுக்கு வயசு போகுது. கையும் நடுங்குது. ஐ ஜஸ்ட் வோன்ட் டு சீ வன். ஒண்டே ஒண்டு."

நான் தேடினேன். பத்மாவதி என்று தேடினேன். கணவரின் பெயரில், தகப்பனின் பெயரில், முதலெழுத்தோடு, முதலெழுத்து இல்லாமல் எல்லாம் தேடினேன். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி உண்டோ அத்தனையும் பார்த்தாயிற்று. சுவருக்குப் போய் உறை உறையாகவும் கையால் தள்ளிப் பார்த்தேன். இல்லை.

நிலானி நல்ல பிள்ளை. "இட்ஸ் ஓகே அங்கிள்" என்று சொல்லிக் கோட்டைப் போட்டாள். ஆனால் கோட்டின் பொத்தானை மாற்றிப் பூட்டிக்கொண்டு போனாள். அதைச் சொல்லித் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

4

எங்கள் நூலகத்தில் இடம் போதாது. ஆட்கள் கேளாத பெட்டிகள் மிசிசாகாவில் ஒரு களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் என்ன இருக்கிறது என்று கணினியில் ஏற்றவும் இல்லை. ஆண்டு நிறைவுக் கண்காட்சிக்காகப் பழைய நூலகர்களின் பெட்டிகளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தோம். சித்திரை மாதம் லொறியில் வந்து இறங்கின.

அவற்றில் ஒரு பெட்டியின் வெளியே, ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘மொழி தெரியாதவை’.

"இது டோரத்தியின் கை" என்றார் ஹெலன். டோரத்தி நான் வர முன்னரே ஓய்வு பெற்றுப் போன நூலகர். இப்போது உயிரோடு இல்லை. அவரிடம்தான் ஹெலன் தொழில் பழகியிருக்கிறார். சனி ஞாயிறுகளில் டோரத்தி டிராம் வண்டியில் ஏறி, எங்கே படம் மாட்டியிருக்கிறார்களோ அங்கெல்லாம் போவாராம். தேவாலயம், சாப்பாட்டுக் கடை, தொழிற்சங்கக் கட்டிடம் என்று ஒன்றும் விடமாட்டார். கையில் கமெரா. வாசலில் வைத்திருக்கிற அழைப்பிதழை எடுத்துப் பைக்குள் வைப்பார். படங்களை ஸ்லைடு பிடித்துக்கொண்டு வருவார். ஸ்லைடு என்றால், முன்பு விளக்கு வைத்துச் சுவரில் பெரிதாகக் காட்டுவோமே, அந்தச் சின்னப் படச் சட்டம். திங்கட்கிழமை எல்லாவற்றையும் உறைகளில் போடுவார். யாருடைய அழைப்பிதழை வாசிக்க முடியவில்லையோ, எந்தக் கையொப்பம் புரியவில்லையோ, அது இந்தப் பெட்டிக்குள் போகும்.

"நான் ஒருமுறை கேட்டேன்" என்றார் ஹெலன். "வாசிக்கத் தெரியாததை ஏன் சேர்த்து வைக்கிறீர்கள், குப்பையாகப் போகிறதே என்று. ‘யாராவது வந்து கேட்பார்கள்’ என்றார். அவ்வளவுதான். வேறு விளக்கம் சொல்லவில்லை."

பெட்டியைத் திறந்தேன். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் எழுத்து, ஆர்மேனிய எழுத்து, எனக்கும் தெரியாத எழுத்துகள். அவற்றுக்கு நடுவில், ரோஸ் நிறக் கடதாசியில் போட்டோ கொப்பி எடுத்த ஒரு அழைப்பிதழ். சுத்தத் தமிழ்.

‘நான்கு பெண்களின் சித்திரக் கண்காட்சி. அனைவரும் வருக. தேநீர் வழங்கப்படும்.’ கீழே நான்கு பெயர்கள். மூன்றாவது பெயர், பத்மா.

அழைப்பிதழைத் தூக்கினேன். அதற்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்ரிக் தாள் இருந்தது. அதன் சின்னச் சின்னப் பைகளில் ஸ்லைடுகள். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வலது மூலையில், நகம் அளவுகூட இல்லாத எழுத்தில், ‘பத்மா’ என்று கையொப்பம். டோரத்தி அதைப் பார்த்து ஏதோ பூ கீறியிருக்கிறது என்றுகூட நினைத்திருக்கலாம்.

"ஹெலன்" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட குரலில் அவர் பயந்துபோய் ஓடிவந்தார்.

5

நிலானிக்கு நான்தான் போன் எடுத்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு, "அங்கிள், ஆர் யூ ஷுவர்?" என்றாள். "ஓம் பிள்ளை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும்" என்றேன்.

பத்மா அன்ரி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறக் கம்பளிக் காட்டிகன், கால்களில் வெள்ளைச் சப்பாத்து. முகத்தில் பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. "மகள் இழுத்துக்கொண்டு வந்திட்டாள், தம்பி. எனக்கு முழங்கால் நோ. கெதியாக் காட்டுங்கோ" என்றார்.

வாசிப்பு அறையின் விளக்கைக் குறைத்து, பழைய ஸ்லைடு இயந்திரத்தை ஹெலன் தட்டியெழுப்பினார். வெள்ளைச் சுவரில் முதற் படம் விழுந்தது.

நான் என்னவோ பனைமரமும் கோவில் கோபுரமும் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தது ஒரு லோண்ட்ரி ரூம். அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் இருக்குமே, ரியூப் லைட் எரிகிற, வரிசையாக உடுப்புத் தோய்க்கிற மெஷின்கள் நிற்கிற அறை. சுவர் பச்சை. மெஷின்களின் வட்டக் கண்ணாடிகளுக்குள் சிவப்பும் மஞ்சளுமாக உடுப்புகள் சுழல்கின்றன. ஒரு நீள வாங்கிலில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் தோளில் சாய்ந்து நித்திரை. ஒருத்தி சேலைக்கு மேலே பெரிய ஆண் ஜக்கெட் போட்டிருக்கிறாள். மூன்றாமவள் எங்களை நேரே பார்க்கிறாள்.

அன்ரி முன்னால் சாய்ந்தார். நடைவண்டியின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மெஷின் கதவு கோணல்" என்றார் கடைசியில்.

"அம்மா!" என்றாள் நிலானி.

"கோணல்தானே? அண்டைக்கே எனக்குத் தெரியும். அடுக்களையிலை வைச்சுக் கீறினால் கோணாமல் என்ன செய்யும்?" பிறகு குரல் மாறியது. "உவ செல்வமக்கா. நித்திரை கொள்ளுறவ. ரெண்டு வேலை செய்தவ. உடுப்புத் தோயிற நேரத்திலைதான் கண் மூடுவா. போன வருஷம் காலமாயிட்டா."

படங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. விடிய முதல் பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்கள். ஹோட்டலின் நீண்ட நடைபாதையில் துணி வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் முதுகு ஒன்று. பல்கனியில் பனிக்குள் நிற்கும் மிளகாய்ச் செடிச் சட்டி.

"அப்ப கண்காட்சியிலை மற்ற மூண்டு பேரும் ஊர்ப் படம்தான் கீறினவை" என்றார் அன்ரி, என்னைப் பார்த்து. "என்னையும் ஊரைக் கீறச் சொன்னவை. பனையைக் கீறு, கிணத்தைக் கீறு எண்டு. நான் சொன்னன், எனக்கு ஊர் நினைவு வந்தால் அழுகைதான் வருது, இஞ்சை இருக்கிறதைக் கீறினால்தான் இஞ்சை இருக்க ஏலும் எண்டு. ஒருத்தரும் என்ரை படத்தடியிலை நிக்கேல்லை. ‘என்ன இது, ஊத்தை உடுப்பு’ எண்டிட்டுப் போட்டினம்."

அடுத்த படம் விழுந்தது. மறுபடியும் அதே பச்சை அறை. ஒரு மெஷினின் மேலே, மடித்த துவாய்களுக்கு நடுவில், ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. சிவப்புக் கம்பளித் தொப்பி. வாயில் ஒரு உடுப்புக் கிளிப்.

நிலானி எழுந்து சுவருக்குக் கிட்டப் போனாள். அவளுடைய நிழல் படத்தில் விழுந்தது. விலகி நின்றாள்.

"அம்மா, ஹூ இஸ் திஸ்?"

"வேறை ஆர்? நீதான். உன்னை மேலை ஏத்தி வைச்சால் மெஷின் ஆட ஆடச் சிரிச்சுக்கொண்டிருப்பாய்."

"நீங்கள் என்னைக் கீறினதெண்டு சொல்லவே இல்லையே."

"தண்ணியோடை போனதை என்னத்துக்குச் சொல்லுறது?" என்றார் அன்ரி. சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஹெலனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அவர்தான் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

6

விளக்கைப் போட்ட பிறகு அன்ரி கேட்டார்: "இதுகளை ஆர் எடுத்தது?"

டோரத்தியைப் பற்றிச் சொன்னேன். அன்ரி நெற்றியைச் சுருக்கினார்.

"உயரமான வெள்ளைக்காரி? மழைக் கோட்டோடை?"

நான் மொழிபெயர்த்ததும் ஹெலன் பலமாகத் தலையாட்டினார்.

"வந்தவ, தம்பி. எனக்கு நினைவிருக்கு. அண்டைக்கு என்ரை படத்தடியிலை கனநேரம் நிண்ட ஒரே ஆள் அவதான். எனக்கு அப்ப இங்கிலீஸ் வராது. அவ ஏதோ கேட்டவ, நான் சும்மா ‘யெஸ், யெஸ்’ எண்டனான். பேந்து ஒரு தட்டிலை வடை வைச்சுக் குடுத்தன். ரெண்டு சாப்பிட்டவ. உறைச்சுக் கண்ணிலை தண்ணி வந்தது. ஆனாலும் சாப்பிட்டவ." அன்ரி தலையை ஆட்டினார். "நான் நினைச்சன், பாவம், மழைக்கு ஒதுங்கின மனிசி எண்டு. இருக்கிறாவோ?"

"இல்லை அன்ரி. காலமாயிட்டா."

"பிள்ளையள்?"

ஹெலனிடம் கேட்டேன். திருமணம் செய்யவில்லை, உறவினரும் இங்கே இல்லை என்றார்.

"அப்ப ஆருக்கு நான் நன்றி சொல்லுறது?"

அன்ரி என்னையும் ஹெலனையும் மாறி மாறிப் பார்த்தார். "படமாவது இருக்கோ அவவின்ரை?" என்று கேட்டார். ஹெலன் உள்ளே போய்த் தேடினார். நாடு முழுவதிலும் படம் கீறுகிறவர்களின் முகங்களைச் சேர்த்துவைத்த இடத்தில், அவற்றைச் சேர்த்தவரின் முகம் கிடைக்க வெகுநேரம் எடுத்தது. ஒரு கிறிஸ்மஸ் விருந்தில் யாரோ எடுத்த படம். பலருக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிந்தது. கமெராவின் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடியிருந்தார்.

அன்ரி அதைக் கையில் வைத்துப் பார்த்தார். "உது அவவின்ரை முகம் இல்லை. அவவின்ரை கண் பெரிசு" என்றார். பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் வாசிப்பு அறையில் பேனைக்கு அனுமதி இல்லை. மேசைகளில் பென்சில்கள் மட்டுமே இருக்கும். அன்ரி ஒன்றை எடுத்தார். நான் வேகமாக ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுபோய் வைத்தேன்.

கை நடுங்கியது. முதற்கோடு எங்கேயோ போனது. நிலானி தாளின் ஓரத்தை அமத்திப் பிடித்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அன்ரி மறுபடியும் கீறினார். மழைக் கோட்டின் கொலர் வந்தது. நீளக் கழுத்து வந்தது. பிறகு கண்கள். பெரிய கண்கள், கொஞ்சம் ஈரமாக, எதையோ மிக அக்கறையாகப் பார்த்துக்கொண்டு. நான் டோரத்தியை வாழ்நாளில் கண்டதில்லை. ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டு, "அவர்தான். ஐயோ, அவரேதான்" என்றார்.

அன்றைக்கே ஹெலன் இரண்டு புதிய உறைகள் திறந்தார். ஒன்று பத்மாவுக்கு. பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நாங்கள் யோசிக்க, அன்ரி உறையை வாங்கித் தமிழில் தானே எழுதினார். அதற்குக் கீழே நான் ஆங்கிலத்தில் எழுதினேன். மற்றது டோரத்திக்கு. அவர் ஓவியர் இல்லையே, ஓவியர்களின் சுவரில் அவருக்கு எப்படி உறை வைப்பது என்று மேலிடத்தில் யாராவது கேட்டால் தான் பார்த்துக்கொள்வதாக ஹெலன் சொன்னார்.

படத்தை அந்த உறைக்குள் வைக்கப் போனேன். அன்ரி விடவில்லை.

"பொறும் தம்பி. மூக்குச் சரிவரேல்லை."

"நல்லாத்தானே இருக்கு அன்ரி."

"உமக்குத் தெரியாது. நான் பாத்தனான். இண்டைக்குக் கை ஓய்ஞ்சு போச்சு. வாற வியாழன் வந்து திருத்திறன்."

முழங்கால் நோவோடு மார்க்கத்தில் இருந்து யார் திரும்பி வரப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். வியாழக்கிழமை கதவைத் திறந்தபோது, நடைவண்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் சொந்தமாக ஒரு அழிறப்பர்.